யார் பெயரைச் சொல்லி வசூல்?

உணவக பில்லில் இருந்த 'சர்வீஸ் சார்ஜ்' தொகையைச் சண்டை போட்டு நீக்க வைத்தோம் என்று நண்பர்கள் அவ்வப்போது பதிவு போடுகிறார்கள். திருத்திய பில்லின் படமும் கூடவே இருக்கும். அவர்கள் செய்ததில் எனக்கு மறுப்பில்லை. சட்டம் அவர்கள் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தொகை நீங்கியதால் முதலாளிக்கு என்ன ஆனது, உணவு பரிமாறியவருக்கு என்ன ஆனது என்று அந்தப் பதிவுகளின் கீழே யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால் 10 விழுக்காடு சேவைக் கட்டணமாக 100 ரூபாய் சேர்ப்பார்கள். பிறகு அந்த 1,100 ரூபாய்க்கும் சேர்த்து ஜிஎஸ்டி போடுவார்கள். இரண்டும் அடுத்தடுத்த வரியில் இருப்பதால் சேவைக் கட்டணத்தையும் அரசு வரி என்றே நினைத்துக் கட்டிவிட்டு வருபவர்கள் ஏராளம். 2022 ஜூலை 4 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதற்குத் தடை போட்டது. எந்த உணவகமும் சேவைக் கட்டணத்தைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது, கட்ட மறுப்பவரை உள்ளே விட மறுக்கக் கூடாது என்று வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. உணவக உரிமையாளர் சங்கங்கள் டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கின. 2023-இல் அதே நீதிமன்றம், ஒரு சங்கத்தின் உறுப்பினர்கள் இந்தத் தொகையை 'ஊழியர் பங்களிப்பு' என்றே குறிப்பிட வேண்டும், 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று இடைக்காலமாக உத்தரவிட்டது. கடைசியில் 2025 மார்ச் 28 அன்று நீதிபதி பிரதிபா எம். சிங் ஆணையத்தின் நெறிமுறைகள் செல்லும் என்று தீர்ப்பளித்தார். வழக்குத் தொடுத்த சங்கங்கள் தலா 1 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும், அது நுகர்வோர் நலனுக்குச் செலவிடப்பட வேண்டும் என்றும் சொன்னார்.

இந்த வழக்கில் முதலாளிகள் முன்வைத்த வாதங்களில் ஒன்றைக் கவனியுங்கள். சேவைக் கட்டணம் தொழிலாளர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது, மேசைக்கு வரும் சர்வருக்கு மட்டுமின்றிச் சமையலறையில் இருப்பவருக்கும் போய்ச் சேருகிறது என்றார்கள். தொழிலாளி மீது இவ்வளவு அக்கறை என்றால் உணவின் விலையை உயர்த்தி அவருக்கு ஊதியமாகவே கொடுக்கலாமே. அதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஊதியமாகக் கொடுத்தால் பி.எஃப். கட்ட வேண்டும், பணிக்கொடை கணக்கிட வேண்டும், அடுத்த ஆண்டு குறைக்க முடியாது. கட்டணமாக வசூலித்துப் 'பகிர்ந்தால்' இந்தப் பொறுப்புகள் எல்லாம் நழுவிவிடுகின்றன.

நான் இதை ஊகமாகச் சொல்லவில்லை. உச்சநீதிமன்றத்தின் மூன்று தீர்ப்புகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் போதும்.

முதலாவது, 1976-இல் வந்த ராம்பாக் பேலஸ் ஓட்டல் வழக்கு. சேவைக் கட்டணத்திலிருந்து தொழிலாளர்களுக்குப் பிரித்துக் கொடுத்த பணத்தைத் தான் கொடுத்ததாகக் கணக்குக் காட்ட நிர்வாகம் முயன்றது. நீதிபதி கிருஷ்ணய்யர் ஏற்கவில்லை. அது வாடிக்கையாளர் தொழிலாளிக்குக் கொடுத்த பணம், நிர்வாகம் தன் வருமானத்திலிருந்து கொடுத்ததாக ஆகாது என்றார். தொழிலாளர் பக்கம் நின்ற தீர்ப்பு அது.

இரண்டாவது, 2007-இல் வந்த குவாலிட்டி இன் சதர்ன் ஸ்டார் வழக்கு. சேவைக் கட்டணத்திலிருந்து தொழிலாளிக்குப் போகும் தொகை இ.எஸ்.ஐ. சட்டப்படி ஊதியமா என்பது கேள்வி. இல்லை என்றது நீதிமன்றம். ஊதியமில்லை என்றால் அந்தத் தொகைக்கு இ.எஸ்.ஐ. பங்களிப்பும் இல்லை. தொழிலாளி நோயில் படுத்தால் கிடைக்கும் உதவித்தொகையிலும் அந்தப் பணம் எண்ணப்படாது. 1976-இல் தொழிலாளிக்குக் கவசமாக இருந்த அதே தர்க்கம் இங்கே முதலாளியின் செலவைக் குறைத்துக் கொடுத்தது.

மூன்றாவது, 2016-இல் வந்த ஐடிசி வழக்கு. கார்டில் செலுத்தப்படும் டிப்ஸுக்கு ஓட்டல் நிர்வாகம் வரி பிடித்தம் செய்ய வேண்டுமா என்பது வருமான வரித்துறையின் வழக்கு. தேவையில்லை, டிப்ஸ் சம்பளத்தில் சேராது என்றது நீதிமன்றம். அதற்குச் சொன்ன காரணம்தான் முக்கியம். டிப்ஸ் வேலை ஒப்பந்தத்திலிருந்து வருவதில்லை, அதை முதலாளியிடம் கேட்டுப் பெறும் உறுதியான உரிமை ஊழியருக்கு இல்லை.

ஆக, தொழிலாளியின் பெயரைச் சொல்லி வசூலாகும் பணம் அவருடைய ஊதியமும் இல்லை, முதலாளியிடம் அவர் கேட்டு வாங்கக்கூடிய பாக்கியும் இல்லை. கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். கொடுக்காவிட்டால் கணக்குக் கேட்க ஒரு விதியைக் காட்ட முடியாது.

இந்த ஏற்பாடு நமக்குப் புதிதா? கிராமத்தில் துணி வெளுத்தவருக்கும், முடி வெட்டியவருக்கும், பிணம் எரித்தவருக்கும் மாதச் சம்பளம் என்று ஒன்று இருந்ததில்லை. களத்துமேட்டில் அள்ளிப் போடும் நெல், பொழுது சாய்ந்தபின் வாசலில் நின்று வாங்கும் சோறு, இவைதான் கூலி. அளவு கொடுப்பவர் கையில் இருந்தது. கூடுதலாகப் போட்டால் ஆண்டையின் தாராள மனசு, குறைத்துப் போட்டால் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கீழ்வெண்மணி சாட்சி. கூடுதல் கூலி கேட்டுப் போராடிய விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்களில் 44 பேர் 1968-இல் எரித்துக் கொல்லப்பட்டார்கள். குளிரூட்டிய உணவகத்தின் டிப்ஸையும் அந்தக் கொடுமையையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. உழைப்புக்கான விலையைக் கொடுப்பவரின் மனசுக்கு விட்டுவிடும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் சொல்கிறேன். உழைப்பின் விலை சட்டத்தால் நிர்ணயிக்கப்பட வேண்டும் என்பதற்காகத்தான் 1946-இல் தொழிலாளர் துறைப் பொறுப்பிலிருந்த அண்ணல் அம்பேத்கர் குறைந்தபட்ச ஊதிய மசோதாவைக் கொண்டுவந்தார். 1948-இல் ஜெகஜீவன் ராம் தொழிலாளர் அமைச்சராக இருந்தபோது அது சட்டமானது.

உணவகத்துக்குள்ளும் படிநிலை உண்டு. வாடிக்கையாளரின் கண்ணில் படுபவர் கைக்குத்தான் டிப்ஸ் வரும். எச்சில் தட்டு எடுப்பவர், பாத்திரம் கழுவுபவர், கழிப்பறை சுத்தம் செய்பவர் யாருடைய கண்ணிலும் படுவதில்லை. பல இடங்களில் அவர்கள் உணவகத்தின் ஊழியர்களே கிடையாது, ஒப்பந்தக்காரரின் ஆட்கள். அந்தக் கடைசி வேலைகளுக்கு எந்தச் சாதியினர் ஒதுக்கப்படுகிறார்கள் என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முதலாளியின் விருப்பப்படி பகிரப்படும் பணம் அவர்கள் வரை இறங்கும் என்று எதை வைத்து நம்புவது?

அமெரிக்காவில் டிப்ஸின் வரலாறு நிறவெறியோடு பின்னியது. அடிமைமுறை ஒழிந்தபின் புல்மேன் ரயில் நிறுவனம் விடுதலை பெற்ற கறுப்பின ஆண்களைப் படுக்கைப் பெட்டிப் பணியாளர்களாக வேலைக்கு எடுத்தது. ஊதியம் மிகக் குறைவு, மீதியைப் பயணிகளிடம் டிப்ஸாக வாங்கிப் பிழைக்க வேண்டும். நிறுவனத்தின் முதலாளி ஜார்ஜ் புல்மேன் என்பதால் பயணிகள் பணியாளர்கள் எல்லோரையும் 'ஜார்ஜ்' என்றே கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர்கூட இல்லை. 1925-இல் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் கண்டு, 1937-இல்தான் நிறுவனத்தை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தார்கள். இன்றும் அங்கே டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி நேரடியாகத் தர வேண்டிய கூட்டாட்சிக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 2.13 டாலர். 1991-இலிருந்து அது மாறவில்லை. டிப்ஸையும் சேர்த்து 7.25 டாலர் வராவிட்டால்தான் முதலாளி ஈடுகட்ட வேண்டும். வாடிக்கையாளரின் காசு முதலாளியின் கடமையைக் கழித்துவிடுகிறது. பில்லில் கட்டாயமாகச் சேர்க்கும் சேவைக் கட்டணமோ அங்கே கூட்டாட்சிச் சட்டப்படி முதலாளியின் வருமானம்.

இப்போது நம் கைப்பேசிக்கு வருவோம். உணவு விநியோகச் செயலிகள் 2023-இல் 'பிளாட்பார்ம் ஃபீ' என்று ஆர்டருக்கு 2 ரூபாய் வாங்கத் தொடங்கின. இரண்டே ஆண்டுகளில் அது 10 ரூபாயைத் தாண்டியது. மழையில் பைக்கில் வருபவருக்கு ஏதோ போகிறது என்று நினைத்துக் கட்டுகிறோம். அது நிறுவனத்தின் கட்டணம். பைக்கில் வருபவருக்குப் 'பங்குதாரர்' என்று பெயர் வைத்துவிட்டதால் அவருக்குக் குறைந்தபட்ச ஊதியமும் கிடையாது. டிப்ஸாவது பத்திரமா? அமெரிக்காவில் அமேசான் ஃப்ளெக்ஸ் ஓட்டுநர்களுக்கு வாடிக்கையாளர்கள் கொடுத்த டிப்ஸில் ஒரு பகுதியை நிறுவனமே எடுத்துக்கொண்டது என்று அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 2021-இல் 6.17 கோடி டாலர் கொடுத்துத்தான் அந்த நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது.

மாற்று இல்லாமல் இல்லை. பிரிட்டனில் 2024 அக்டோபர் 1 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. டிப்ஸ் என்றாலும் சேவைக் கட்டணம் என்றாலும் முழுத்தொகையும் தொழிலாளர்களுக்கே போக வேண்டும். ஏஜென்சி மூலம் வந்தவர்களுக்கும் பங்கு உண்டு. எப்படிப் பகிர்கிறோம் என்பதை எழுத்தில் வைக்க வேண்டும், கணக்கைப் பாதுகாக்க வேண்டும். தொழிலாளி அதைக் கேட்டுப் பார்க்கலாம், தீர்ப்பாயத்துக்கும் போகலாம்.

இங்கே அப்படி ஒன்று வேண்டும். தொழிலாளியின் பெயரில் வாங்கும் ஒவ்வொரு ரூபாயும் அவருடையது, பாத்திரம் கழுவும் ஒப்பந்தத் தொழிலாளி உட்பட. அது அவருடைய குறைந்தபட்ச ஊதியத்துக்கு மேலே வர வேண்டும், அதில் கழிக்கப்படக் கூடாது. தமிழ்நாட்டில் உணவகத் தொழிலுக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் இருக்கிறது. அது கொடுக்கப்படுகிறதா என்று தொழிலாளர் துறை போய்ப் பார்க்க வேண்டும். 2023-இல் இங்கே அமைக்கப்பட்ட கிக் தொழிலாளர் நலவாரியம், செயலிகள் எந்தக் கட்டணத்தில் எவ்வளவைத் தொழிலாளிக்குக் கொடுக்கின்றன என்று கேட்க வேண்டும்.

அதுவரை நாம் என்ன செய்யலாம்? சேவைக் கட்டணத்தை நீக்கச் சொல்லுங்கள். ஆனால் சர்வரிடம் கத்தாதீர்கள், அந்த வரியை பில்லில் சேர்த்தவர் அவர் இல்லை. மேலாளரிடம் பேசுங்கள், கேட்காவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அதோடு இன்னொன்றும் கேளுங்கள்: "இதுவரை இந்தப் பெயரில் வாங்கியதில் உங்கள் தொழிலாளர்களுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்?" இந்தக் கேள்வியைச் சர்வரிடம் கேட்டால் அவர் வேலைக்கு ஆபத்து. கல்லாவில் நின்று கேட்கும் வாடிக்கையாளருக்கு எந்த ஆபத்தும் இல்லை. அதனால் நாம்தான் கேட்க வேண்டும்.