ஆடு புலி ஆட்டத்துக்கும் ஒரு இடம் வேணும்!



நம் பள்ளி ஆண்டு விழாப் போட்டிப் பட்டியலில் செஸ் இருக்கிறது, கேரம் இருக்கிறது. ஆடு புலி ஆட்டம் மட்டும் இல்லை. "அது திண்ணையில பாட்டிங்க ஆடுறது"ன்னு சிலர் சிரிக்கிறாங்க. அதையும் சேர்க்க வேண்டும் என்பதே என் கருத்து. ஏன்னு சொல்றேன்.

முதல் காரணம், செலவே இல்லை. ஒரு சாக்பீஸும் 18 கல்லும் போதும். 3 பெரிய கல் புலி, 15 சின்னக் கல் ஆடு. கட்டத்தில் 23 புள்ளிகள். பழைய கோயில்களின் கல் தரையில் இந்தக் கட்டத்தைச் செதுக்கி வைத்திருப்பதை இன்றும் பார்க்கலாம். நேபாளத்திலும் இதே மாதிரி 'பாக் சால்' என்று ஒன்று ஆடுகிறார்கள். அங்கே 4 புலி, 20 ஆடு.

இரண்டாவது, இதில் அதிர்ஷ்டத்துக்கு வேலை இல்லை. பரமபதத்தில் கட்டை விழுவதைப் பொறுத்துத்தான் எல்லாம். இங்கே யோசித்தால்தான் ஜெயிக்கலாம்.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. செஸ்ஸில் இரண்டு பேருக்கும் சமமான படை. இதில் அப்படி இல்லை. புலி தாவி ஆட்டை வெட்டும். ஆட்டால் எதையும் வெட்ட முடியாது. 15 ஆட்டையும் இறக்கி முடிக்கிற வரைக்கும் ஒரு ஆட்டைக்கூட நகர்த்தக் கூடாது. அநியாயமா தெரியுதா? ஆனால், ஆட்டுக்கு நேர் பின்னால் உள்ள புள்ளி காலியாக இருந்தால்தான் புலி தாவ முடியும். அங்கே இன்னொரு ஆடு நின்றால் புலி சும்மா பார்த்துக்கிட்டு நிக்க வேண்டியதுதான்! தனியா நிக்கிற ஆடு போச்சு, துணையோட நிக்கிற ஆடு பிழைச்சுது. கடைசியில் 3 புலியும் நகர வழியில்லாமல் அடைபட்டால் ஆட்டுக்கு வெற்றி.

குழாயடியில் பெரிய வகுப்பு அண்ணன்கள் இடித்துத் தள்ளும்போது, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கிப் போவதை நாம் தினமும் பார்க்கிறோம். நாலு பேர் வரிசையாகச் சேர்ந்து நின்றால் யார் தள்ளுவார்? அதை அறிவுரையாகச் சொன்னால் காதில் ஏறாது. ஆட்டுப் பக்கம் உட்கார்ந்து நாலு ஆட்டம் ஆடினால் தானாகப் புரியும்.

"எல்லாரும் புலிதானே கேட்பாங்க? போட்டி எப்படி நடத்துறது?" என்று கேட்கலாம். வழி சுலபம். ஒருவருக்கு இரண்டு ஆட்டம். ஒன்றில் புலி, மறுமுறை ஆடு. இரண்டையும் சேர்த்துப் பார்த்து முடிவு சொல்லலாம். புலியாக இருந்தவன் ஆடாகவும் இருந்து பார்க்கட்டும்.

2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 2024-ல் நம் சென்னையின் குகேஷ் உலக சாம்பியன் ஆனார். நமக்கெல்லாம் பெருமைதான். செஸ்ஸை எடுக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் இதற்கும் ஒரு இடம் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

பி.இ.டி. சாருக்கு ஒரு வேண்டுகோள். மழை நாளில் எங்கள் விளையாட்டுப் பீரியடு கணக்குப் பாடமாக மாறிவிடுகிறது. வராண்டா தரையில் நாலு கட்டம் பெயின்ட்டில் வரைந்து கொடுங்கள் சார். கல் நாங்கள் கொண்டு வருகிறோம்.

நண்பர்களே, நீங்க என்ன சொல்றீங்க?

- ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி