காசுள்ளவர்க்கு மட்டுமா கருவளம்?

புற்றுநோய்க்கு ஆளான இளம்பெண்ணின் உயிரைக் காப்பதே வைத்தியரின் கடமை. பிள்ளைப்பேறு பற்றிய பேச்செல்லாம் பின்னரே என்று கூறுவார் உளர். நியாயம் போலத் தோன்றும் இக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. அந்தப் 'பின்னர்' வந்து சேரும்போது, பலருக்குக் காலம் கடந்துவிடுகிறது.

ஆணின் விந்தைப் போலப் பெண்ணின் முட்டைகள் நாள்தோறும் புதிதாக உற்பத்தியாவதில்லை. பிறக்கும்போதே சூலகத்தில் அமைந்த சேமிப்பு அது. சைக்கிளோபொஸ்பமைட் போன்ற மருந்துகளும், அடிவயிற்றிற் பாய்ச்சப்படும் கதிர்களும் நோய்க் கலங்களோடு அச்சேமிப்பையும் அழிக்க வல்லன. ஆகவே, சிகிச்சை தொடங்குமுன்னரே அதைக் காக்க முனைதல் வேண்டும்.

வழியில்லையா? உண்டு. ஏறத்தாழ இரண்டு வாரங்களில் முட்டைகளை முதிர்வித்தெடுத்து உறையவைத்துப் பேணலாம். அவ்வளவு காலம் பொறுக்க இயலாதோருக்கும், பூப்பெய்தாத சிறுமியருக்கும் சூலக இழையத்தையே எடுத்துக் காக்கும் முறை உண்டு. பெல்ஜியத்தில் 1997 இல் ஹொட்ஜ்கின் நோயுற்ற பெண்ணொருத்தியிடம் அவ்வாறு எடுத்துவைத்த இழையம், நோய் தீர்ந்தபின் அவளுடலில் மீண்டும் பொருத்தப்பட்டது. 2004 இல் அவள் ஒரு பெண்மகவை ஈன்றாள். இம்முறைகள் எல்லோருக்கும் பொருந்துவன அல்ல, பலனும் உறுதியன்று. இரத்தப் புற்றுநோயில் இழையத்தோடு நோயும் திரும்பும் அபாயம் உண்டு. எனினும், இவற்றையெல்லாம் அறிந்து முடிவு செய்ய வேண்டியவள் அவளேயன்றோ? அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியற் சங்கம், கருவளம் பாதிக்கப்படலாம் என்பதை இயன்றவரை முன்னதாகவே நோயாளியிடம் எடுத்துரைக்குமாறு 2006 இலேயே வைத்தியர்களைப் பணித்தது.

அவ்வாறிருக்க, அவளிடம் மௌனம் காப்பதேன்? மணமாகாதவளிடம் இதைப் பேசுவதா என்னும் போலி நாணம் ஒன்று. 'இவளால் செலவழிக்க முடியுமா?' என்னும் வணிகக் கணக்கு மற்றொன்று. பிள்ளையற்றவளை 'மலடி' எனத் தூற்றும் சமுதாயமே, அவள் கருவளத்தைக் காக்கும் வேளையில் வாய்மூடி நிற்கும் விந்தையைக் காண்க! பெண்ணென்றால் தாயாகியே தீரவேண்டும் என்பது நம் வாதமன்று. தாயாவதும் ஆகாதிருப்பதும் அவள் தெரிவு. அதனை அறியாமையும் வறுமையும் பறித்தலாகாது என்பதே நம் வாதம்.

பிரான்சில் இவ்வுரிமையை 2004 ஆம் ஆண்டின் சட்டம் ஏற்றது. சமூகக் காப்புறுதி செலவைத் தாங்குகிறது. செல்வம் மலிந்த அமெரிக்காவிலோ, 2017 இலேதான் கனெக்ரிகட், றோட் ஐலண்ட் ஆகிய மாநிலங்கள் காப்புறுதிக் கம்பெனிகளைச் சட்டத்தாற் கட்டாயப்படுத்தத் தொடங்கின. விஞ்ஞானம் ஒன்றே, அதன் பயனை யார் பெறுவது என்பதைத் தீர்மானிப்பது சமுதாய அமைப்பு.

இலவச வைத்தியத்தை உரிமையாகக் கொண்ட நாடு நம்முடையது. மகரகமையிலும் தெல்லிப்பளையிலும் கட்டணமின்றிச் சிகிச்சை பெறும் ஏழைப்பெண்ணுக்கு, முதல் மருந்து ஏறுமுன் இவ்வுண்மை கூறப்படல் வேண்டும். அவள் விரும்பின், அதற்கான வசதியும் அந்த இலவச சேவையின் பகுதியாதல் வேண்டும். உயிரை இலவசமாகக் காத்து, எதிர்காலத்தை விலைக்கு விற்பது நீதியன்று. ஆசிரியரும் மாணவரும் இக்கோரிக்கையை உரத்து எழுப்புவார்களாக!