கண் வீக்கமும் கடையில் கிடைக்கும் சொட்டு மருந்தும்

ஒவ்வாமையால் கண் வீங்கியவரிடம் சுற்றியுள்ளோர் கேட்பதெல்லாம், அது எப்போது வடியும் என்பதே. அக்கேள்விக்கு இந்திய மருந்துக்கடைகள் தரும் மிக விரைவான விடை ஸ்டீராய்டு சொட்டு மருந்து. அரிப்பும் சிவப்பும் வீக்கமும் ஓரிரு நாளில் அடங்கிவிடுகின்றன. அந்த வேகமே அம்மருந்தின் ஆபத்து.

இமைத்தோல் உடலிலேயே மிக மெல்லியது. அதன் அடியிலுள்ள திசுவோ தளர்வானது. மகரந்தமோ தூசிப்பூச்சியின் கழிவோ விழிவெண்படலத்தில் படும்போது, ஒவ்வாமை உள்ளவரின் மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினை வெளியிடுகின்றன. நுண்குழாய்களிலிருந்து கசியும் நீர் அத்தளர்ந்த திசுவில் தேங்குகிறது. படுத்திருக்கையில் அது எளிதில் வடியாததால் காலையில் வீக்கம் மிகுதியாகத் தெரியும். கசக்கினால் அந்நேரத்திற்குச் சுகம் உண்டு. ஆனால் அந்த அழுத்தமே மாஸ்ட் செல்களை மேலும் தூண்டும். ஆண்டுக்கணக்கில் கசக்கப்படும் கருவிழி மெலிந்து கூம்பு வடிவம் கொள்வதும் உண்டு.

டெல்லியின் ரிட்ஜ் காட்டை நிறைத்துள்ள சீமைக்கருவேல மரத்தின் மகரந்தம், நாடெங்கும் பரவிய பார்த்தீனியம், தலையணையில் குடியிருக்கும் தூசிப்பூச்சி, மழைக்காலச் சுவர்களின் பூஞ்சை எனக் காரணிகள் பல. (பழைய நூல்களின் மணத்தைப் போற்றும் ஆய்வாளர்கள், அம்மணத்தோடு பூஞ்சையும் வருவதை நினைவில் கொள்ளலாம்.)

இவற்றுள் கவலைக்குரியது, வெப்பமும் வறட்சியும் மிகுந்த நிலங்களில் சிறுவர்களைப் பெரிதும் பீடிக்கும் வெர்னல் எனப்படும் கடும் கண் ஒவ்வாமை. பெரும்பாலோருக்கு அது பருவமெய்தும் காலத்தை ஒட்டித் தானாகவே தணிந்துவிடும். அதற்குள் ஆண்டுதோறும் கோடையில் கண் சிவக்கிறது. சென்ற ஆண்டின் வெற்றுப் புட்டி கடைக்காரரிடம் நீட்டப்படுகிறது. அதே சொட்டு மருந்து கிடைக்கிறது. ஸ்டீராய்டைத் தொடர்ந்து பயன்படுத்துவோருள் கணிசமானோருக்குக் கண்ணின் உள் அழுத்தம் உயர்கிறது. குழந்தைகளிடம் அது இன்னும் விரைவாக உயரக்கூடும். பெரும்பாலும் வலி இராது. பார்வையின் ஓரங்கள் முதலில் தேய்வதால் சிறுவனும் உணர்வதில்லை, பெற்றோரும் அறிவதில்லை. கண்புரையை அறுவையால் நீக்கலாம். சிதைந்த பார்வை நரம்பை மீட்க வழியில்லை. தானே விலகியிருக்கக்கூடிய நோய்க்கு நிரந்தரப் பார்வையிழப்பு விலையாகிறது.

ஸ்டீராய்டு நஞ்சன்று. கடும் அழற்சியில் கண் மருத்துவர் அதனைக் குறுகிய காலத்திற்கு, அழுத்தத்தை அளந்தபடி தருவார். சீட்டின்றி விற்கலாகாது என்பதே 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளிலுள்ள எச் அட்டவணையின் நோக்கம். அந்த எச்சரிக்கை புட்டியின் மீது சிறிய எழுத்தில் இருக்கிறது. விற்பனையை அது தடுப்பதில்லை. இதற்காகப் பெற்றோரின் அறியாமையைக் குறை கூறுவது எளிது, ஆனால் நியாயமன்று. கண் மருத்துவரைக் காண ஒரு நாள் கூலியை இழக்க வேண்டிய குடும்பத்திற்குத் தெருமுனைக் கடையே மருத்துவமனை. விற்பவருக்குத் தெரிந்த விதியை விற்பவரிடமே வலியுறுத்தாத அரசுகள்தாம் முதலில் விடை கூற வேண்டியவை.

மிதமான வீக்கத்திற்கு நிவாரணம் எளியது: குளிர்ந்த நீரில் நனைத்த தூய துணியைச் சில நிமிடங்கள் வைத்தல், செயற்கைக் கண்ணீரால் மகரந்தத்தைக் கழுவுதல், உறங்குமுன் முகத்தையும் தலைமுடியையும் அலசுதல், தலையணை உறையை வாரந்தோறும் வெந்நீரில் துவைத்தல். போதாதபோது ஓலோபட்டடின் போன்ற, ஸ்டீராய்டு இல்லாத சொட்டு மருந்துகள் உண்டு. நீண்டகால வெர்னல் ஒவ்வாமைக்கு சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் ஆகியவற்றை மருத்துவர்கள் பயன்படுத்துகின்றனர். ‘சிவப்பு நீக்கி’ சொட்டுகளோ இரத்தக்குழாய்களைச் சுருக்கி மறைப்பவை. தொடர்ந்து விட்டு நிறுத்தினால் சிவப்பு மீண்டும் கூடும்.

அரிப்பே இல்லாமல் காலைதோறும் இரு கண்களும் வீங்கும் குழந்தைக்கு ஒவ்வாமை என்று முடிவு கட்டுதல் தவறு. சிறுநீரகத்தின் வழியே புரதம் வெளியேறும் நெஃப்ராட்டிக் நோய் பல நேரங்களில் அவ்வாறே தொடங்குகிறது; எளிய சிறுநீர்ச் சோதனை அதைக் காட்டிக்கொடுக்கும். ஒரு கண் மட்டும் வலியோடும் காய்ச்சலோடும் வீங்கினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வீட்டிலுள்ள சொட்டு மருந்துப் புட்டியில் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெத்தசோன் ஆகிய பெயர்களில் ஒன்று இருந்து, அது மருத்துவ மேற்பார்வையின்றி வாரக்கணக்கில் பயன்பட்டிருந்தால், அக்கண்ணின் அழுத்தத்தை உடனே அளந்து பார்க்க வேண்டும். அதற்குச் சில நிமிடங்களே ஆகும்.