நிறப் பெட்டியும் புள்ளடியும்



தேர்தல் வந்தாலே, தோட்டத்தில் பிறந்து வளர்ந்த என் அம்மாயி தன் தாயார் வாக்களித்த கதையைத்தான் சொல்வார். அது 1936ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தல்.

"அப்போ ஒவ்வொருத்தருக்கும் ஒரு கலர் பெட்டி. எழுத்தும் வேணாம், புள்ளடியும் வேணாம். நம்ம ஆளோட பெட்டியில துண்டைப் போட்டா முடிஞ்சுது. இப்ப இவ்வளவு நீளத்துக்குச் சீட்டைத் தர்றாங்க!"

அந்த ஏக்கம் நியாயமானதே. 1931இல் பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்தபோது, எழுதப்படிக்கத் தெரியாதோருக்கு நிறமே துணையாயிற்று. ஆனால் ஒரு குறையும் இருந்தது. அடையாளமிடாத அந்தச் சீட்டைப் பெட்டியில் போடாமல் மறைத்துக் கொண்டுவந்து வெளியே விற்க முடிந்தது. இன்று எல்லோருக்கும் ஒரே பெட்டி. மடித்துப் போட்டபின் நம் புள்ளடி யாருக்கு என்பதைக் கணவரும் அறியார், தோட்டத் தலைவரும் அறியார்.

நிறப் பெட்டி போனதை விடப் பெரிய இழப்பு வேறொன்று. 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் மலையகத் தமிழரில் பெரும்பாலானோர் குடியுரிமையையும் வாக்கையும் இழந்தனர். அம்மாயி முதன்முதலாக வாக்களித்தபோது பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்டார். "எங்கம்மாவுக்குப் பிறகு நான்தான்" என்று அன்று கண்கலங்கினார்.

ஆகவே, வாக்காளர் இடாப்பில் உங்கள் பெயர் உண்டா என்று கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுப் பாருங்கள். கலியாணமாகி வந்த மருமகளின் பெயர்தான் நான் போகும் வீடுகளில் அதிகம் விடுபட்டிருக்கிறது. அதையும் சேர்த்தே பாருங்கள்.