லிங்க் அனுப்பினா பாடம் நடத்தினதா ஆயிடுமா?

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். கல்லூரி உளவியல் வகுப்புக்குள்ள கம்ப்யூட்டர் பாடம் வரணுமா? கண்டிப்பா வரணும். இப்ப வந்திருக்கற மாதிரி வரணுமா? கூடவே கூடாது. மொத்தப் பதிவும் இவ்வளவுதான். பொறுமை இருக்கறவங்க மேல படிங்க :-)

"பி.காம் படிச்சுட்டு பேங்க்ல குப்பை கொட்டற உனக்கு சைக்காலஜி பத்தி என்னய்யா தெரியும்?"னு கேக்கலாம். நியாயமான கேள்வி. எனக்கு ரெண்டு தகுதி இருக்கு. ஒண்ணு, என் பொண்ணு இங்க மைசூர்ல பி.ஏ.வில சைக்காலஜி எடுத்திருக்கா. காலேஜ் பேர் வேண்டாம். ரெண்டு, இதே மருந்தை எங்க பேங்க்ல வருஷா வருஷம் எங்களுக்கும் புகட்டறாங்க. கேஒய்சிக்கு ஒரு ஆன்லைன் பாடம், சைபர் பாதுகாப்புக்கு ஒண்ணு. கவுண்டர்ல கூட்டம் நிக்கும், பக்கத்துல வீடியோ அது பாட்டுக்கு ஓடிட்டிருக்கும். கடைசியில பத்து கேள்வி, ஒரு சர்டிபிகேட். மேலிடத்துக்குப் போற ரிப்போர்ட்ல நூறு சதவீதம் பயிற்சி முடிஞ்சாச்சு. யார் என்ன கத்துக்கிட்டாங்கன்னு எழுத அந்த ரிப்போர்ட்ல ஒரு கட்டம் கூட கிடையாது.

பொண்ணு வகுப்புலயும் அதே கதைதான். "லிங்க் அனுப்பியிருக்கேன், பாத்துட்டு அசைன்மென்ட் எழுதிடுங்க." வீடியோவில ஒருத்தர் ஸ்லைடுல இருக்கறதை வரி விடாம வாசிக்கிறார். இவ அதை ரெண்டு மடங்கு வேகத்துல ஓடவிட்டு முடிக்கிறா. சந்தேகம் வந்தா கேக்க ஆள் இல்லை.

உடனே "இவன் கம்ப்யூட்டரைக் கண்டா பயப்படற ஆள்"னு முத்திரை குத்தாதீங்க. இந்த ஊர் சரித்திரமே வேற. மைசூர் பல்கலைக்கழகத்துல உளவியல் துறை ஆரம்பிச்சது 1924-ல. இந்தியாவுல கல்கத்தாவுக்கு அடுத்து வந்த துறை இது. ஆரம்பிச்சவர் பேராசிரியர் எம்.வி. கோபாலசுவாமி, லண்டன்ல ஸ்பியர்மன் கிட்ட படிச்சவர். இந்த மனுஷன் 1935-ல தன் வீட்டுலயே ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டரை வச்சு வானொலி நடத்தினார். அந்த நிலையத்தோட பேர்தான் ஆகாசவாணி. பின்னாடி அகில இந்திய வானொலியே அந்தப் பேரை எடுத்துக்கிட்டது. ஆக, புது எந்திரத்தை முதல்ல கையில எடுத்த ஆளே இந்த ஊர் சைக்காலஜி வாத்தியார்தான். ஆனா ரேடியோ வந்துடுச்சேன்னு அவர் வகுப்பை மூடிடலை.

இப்ப நடக்கறதைப் பாருங்க. ஸ்வயம் தளம் 2017-ல வந்தது. 2021 விதிப்படி ஒரு செமஸ்டர் பாடங்கள்ல 40 சதவீதம் வரைக்கும் அதுல படிச்சு கிரெடிட் வாங்கலாம்னு யூஜிசி சொல்லிடுச்சு. அதே வருஷம் கர்நாடக அரசு தன் கல்லூரி மாணவர்களுக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல டேப்லெட் குடுத்தது. அப்புறம் 2025-ல அதே யூஜிசி, உளவியல் எல்லாம் சுகாதாரத் தொழில் சம்பந்தப்பட்ட படிப்பு, அதனால தொலைதூர வழியிலயும் ஆன்லைன்லயும் நடத்தக் கூடாதுன்னு நிறுத்திடுச்சு. முழுசா திரையில படிச்சா ஆபத்து, வளாகத்துக்குள்ள உக்காந்து 40 சதவீதம் திரையில படிச்சா பரவாயில்லையா? எந்தப் பகுதியை எந்திரத்துக்கு விடலாம், எதை விடக்கூடாதுன்னு பாடத்தைப் பாத்து முடிவு பண்ணணும். சதவீதத்தைப் பாத்து முடிவு பண்ணக் கூடாது.

இதுல பெரிய வேடிக்கை என்னன்னா, எப்படிக் கத்துக்கறோம்ங்கறதுக்கு விடை இவங்க நடத்தற பாடத்துக்குள்ளயே இருக்கு. 2006-ல அமெரிக்காவுல ரோடிகர், கார்பிக்கேன்னு ரெண்டு பேர் ஒரு பரிசோதனை பண்ணினாங்க. ஒரு குழு ஒரு பகுதியை நாலு தடவை படிச்சது. இன்னொரு குழு ஒரே தடவை படிச்சுட்டு, பாக்காம மூணு தடவை ஞாபகப்படுத்தி எழுதிச்சு. அஞ்சு நிமிஷம் கழிச்சு சோதிச்சப்ப நாலு தடவை படிச்ச குழுதான் முன்னால: 83-க்கு 71 சதவீதம். ஒரு வாரம் கழிச்சு? அதே குழு 40, எழுதிப் பாத்த குழு 61. தலைகீழ்!

அப்போ நல்ல கம்ப்யூட்டர் பாடம்னா என்ன? கேள்வி கேக்கணும், பதிலுக்குக் காத்திருக்கணும், தப்புன்னா உடனே சொல்லணும். 1950-கள்ல ஸ்கின்னர் பண்ணின கற்பிக்கும் எந்திரத்தோட தத்துவமே இதுதான். அந்தப் பெட்டி மாணவனை சும்மா உக்கார விடலை. நாம எழுபது வருஷம் கழிச்சு, பெட்டி பேச மாணவன் கொட்டாவி விடற ஏற்பாட்டைப் பண்ணிட்டு அதுக்கு டிஜிட்டல் புரட்சின்னு பேர் வச்சிருக்கோம்.

வாசல்ல கூட்டத்தைக் காட்டறதும் உதவாது. ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்தின எட்எக்ஸ் பாடங்கள்லயே 2017-18-ல சேந்தவங்கள்ல முடிச்சவங்க 3.13 சதவீதம்தான்னு 2019-ல 'சயன்ஸ்' இதழ்ல வந்தது. பேங்க் பாஷையில சொன்னா, அக்கவுன்ட் திறந்தாச்சு, பேலன்ஸ் ஜீரோ. எத்தனை அக்கவுன்ட்னு கை தட்டறவங்க, உள்ள பணம் இருக்கான்னு கேக்கறதே இல்லை.

பிராக்டிகலுக்கு வருவோம். கண்ணாடியைப் பாத்து நட்சத்திரம் வரையறது, முல்லர்-லயர் கோடு, எதிர்வினை நேரம் இதெல்லாம் சைக்காலஜி லேப்ல காலங்காலமா பண்றது. கையால ஸ்டாப்வாட்ச் அமுக்கறதை விட கம்ப்யூட்டர் நேரத்தைத் துல்லியமா அளக்கும். அறுபது பேர் அளவையும் ஒரே ஷீட்ல போட்டா சராசரி, விலகல் எல்லாம் சொந்தக் கணக்கா ஆயிடும். சீனியர் ரெக்கார்ட் நோட்டைப் பாத்து காப்பியடிக்கிற கூத்தும் குறையும். ஆனா எதிர்ல உக்காந்திருக்கற ஆளோட பேசறது, அவர் தயங்கறதைக் கவனிக்கிறது, எங்க நிறுத்தணும்னு தெரியறது, இதை எந்த வீடியோவும் சொல்லித் தராது. வாத்தியார் பக்கத்துல நின்னு திருத்தணும். 2022 அக்டோபர்ல ஆரம்பிச்ச டெலி-மானஸ் எண் 14416-க்கு ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தர் போன் பண்ணினா, எடுத்துப் பேச ஆள் வேணும். நாளைக்கு அந்த மாதிரி நாற்காலியில உக்காரப் போறது இந்தப் பிள்ளைங்கள்ல சிலர்தான்.

அப்புறம் பாஷை. நஞ்சன்கூடு, ஹுணசூர், எச்.டி. கோட்டே பக்கத்துலேர்ந்து கன்னட மீடியத்துல படிச்சுட்டு வர்ற பிள்ளைக்கு இங்கிலீஷ் வீடியோவை எத்தனை தடவை ரீவைண்ட் பண்ணினாலும் இங்கிலீஷ்தான். "ஏம்மா, புரியலையா?"ன்னு கன்னடத்துல கேக்கற டீச்சர்தான் அதுக்குப் பாலம். நம்ம ஊர் தமிழ் மீடியம் பிள்ளைங்களுக்கும் இதே நிலைமைதான்னு தனியா சொல்லணுமா?

அந்த டீச்சர் யாருன்னும் பாருங்க. கர்நாடக அரசுக் கல்லூரிகள்ல பெரும்பாரம் கௌரவ விரிவுரையாளர்கள் தோள்லதான். பணி நிரந்தரம் கேட்டு 2023 நவம்பர்ல வேலைநிறுத்தத்துல இறங்கினாங்க. வகுப்பு நேரம் குறைஞ்சா முதல்ல அடிபடறது இவங்க வயித்துலதான். திரைக்குப் போற ஒவ்வொரு மணி நேரமும் யாரோ ஒருத்தர் சம்பளக் கணக்குலேர்ந்து கழியும். இது நவீனம் இல்லை, சிக்கனம்.

நான் கேக்கறது நாலே நாலு:

1. வீடியோ வகுப்புக்கு முன்னாடியோ பின்னாடியோ வரட்டும், வகுப்புக்குப் பதிலா வரக் கூடாது.
2. வாரம் ஒரு சின்ன ஆன்லைன் கேள்வித்தாள். மார்க் வேண்டாம், ஞாபகப்படுத்திப் பாக்கத்தான். எது எல்லாருக்கும் தப்பாச்சோ அதையே அடுத்த வகுப்புல நடத்தணும்.
3. பிராக்டிகல்ல அளக்கறதும் கணக்கும் கம்ப்யூட்டருக்கு, மனுஷனோட பேசற பயிற்சி வாத்தியாருக்கு.
4. பாடத்தை உள்ளூர் பாஷையில தயாரிக்க அந்த வாத்தியாருக்கே நேரமும் காசும் குடுங்க.

கடன் குடுத்ததை மட்டும் எழுதி, வசூலானதை எழுதாத பேங்க் ஒரு நாள் திவாலாகும். லிங்க் அனுப்பினதை மட்டும் எண்ணற காலேஜுக்கும் அந்த நாள் வரும். ஆனா அப்ப நஷ்டம் காலேஜுக்கு இல்லை, பிள்ளைங்களுக்கு.

டிஸ்கி: திட்டறவங்க தாராளமா திட்டலாம். பதிவை முழுசா படிச்சுட்டு, ரெண்டு மடங்கு வேகத்துல ஓட்டாம :-)