துபாய் வீட்டு இணையத்துக்கு எதற்குப் பூட்டு?

வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே துபாயில் குடியிருக்கலாம் என்று ஒரு விசாவை 2020 அக்டோபரில் துபாய் அறிவித்தது. மறு ஆண்டே ஐக்கிய அரபு அமீரகம் முழுமைக்கும் அது விரிந்தது. மாதம் 3,500 டாலர் வருமானம் காட்ட வேண்டும். விசா ஓராண்டுக்கு, பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். இப்படி வருகிறவருக்கு வீடுதான் அலுவலகம். அந்த வீட்டுக்கு வரும் இணையத்தின் மீது மட்டும் பழைய கட்டுப்பாடுகள் அப்படியே நீடிக்கின்றன. அமீரக அரசு இவற்றை விலக்க வேண்டும்.

வேகத்தைக் குறை சொல்ல முடியாது. வீடுகளுக்கு ஃபைபர் கொண்டுசேர்த்ததில் உலகின் முன்வரிசையில் நிற்கும் நாடு அது. நிபந்தனைகள்தான் இடிக்கின்றன. வாட்ஸ்அப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம், குரலைப் பதிந்தும் அனுப்பலாம். அழைத்துப் பேச மட்டும் முடியாது. கொரோனா காலத்தில் ஜூம், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் போன்றவற்றுக்கு வழிவிட்டார்கள். அலுவலகக் கூட்டங்களுக்கு அது போதும். அவசரத்துக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிடும் வாடிக்கையாளருக்கு என்ன பதில் சொல்வது?

உரிமம் பெறாத செயலிகளை அனுமதிக்க முடியாது என்பது அமீரகத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் வாதம். ஆனால், அனுமதி பெற்ற செயலிகளில் பேசுவதற்கென்றே மாதம் 50 திர்ஹாமுக்கு ஒரு திட்டத்தை 2018 முதல் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் விற்றன. காசு கட்டியவுடன் விலகிவிடுகிற ஆபத்து என்ன ஆபத்தோ! காக்கப்படுவது நிறுவனங்களின் வருவாய்தான் என்ற சந்தேகம் நியாயமானதே. எத்திசலாத், டூ என்ற அந்த இரண்டு நிறுவனங்களிலும் பெரும்பங்கு அரசு சார்ந்த அமைப்புகளின் கையில் இருக்கிறது.

தடையைத் தாண்ட ‘வி.பி.என். போட்டுக்கொள்’ என்று அறைநண்பர்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். 2021-ஆம் ஆண்டின் 34-ஆம் எண் சட்டப்படி, குற்றம் புரியவோ அதை மறைக்கவோ வி.பி.என். போன்றவற்றால் ஐ.பி. முகவரியை மாற்றிக் காட்டினால் சிறைத் தண்டனையோடு, 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதமும் விதிக்கலாம். அலுவலகப் பணிக்காக வி.பி.என். வைத்திருப்பது குற்றமல்ல. அதே இணைப்பில் அம்மாவைக் கூப்பிட்டால் எந்தப் பக்கம் சேரும்? சாதாரண மனிதர் வக்கீலைக் கேட்டுவிட்டா வீட்டுக்குப் பேசுவார்?

வீட்டு இணைய ஒப்பந்த விஷயமும் இப்படித்தான். ஓராண்டு விசாவில் வந்தவர் முன்னால் இரண்டாண்டு ஒப்பந்தத்தை நீட்டுகிறார்கள். இடையில் விலகினால் கட்டணம். விசா முடிந்து நாடு திரும்புகிறவரிடம் இதை வசூலிப்பது முறையல்ல. தேர்ந்தெடுக்க இரண்டு நிறுவனங்கள் இருந்தும் பெரிய பயனில்லை. 2025 செப்டம்பரில் ஜெட்டா அருகே செங்கடல் கேபிள்கள் அறுந்தபோது இரண்டு நிறுவனங்களின் வாடிக்கையாளர்களும் ஒருசேரத் தவித்தார்கள்.

மடிக்கணினியோடு வருகிறவருக்காவது ஜூம் இருக்கிறது. தேரா, சத்வா பகுதிகளில் ‘பெட் ஸ்பேஸ்’ எடுத்துத் தங்கியிருக்கும் தொழிலாளர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இருக்கும் குடும்பங்களுக்கு வாட்ஸ்அப்தான் தெரியும்; துபாயில் செல்லுபடியாகும் செயலியை வயதான தாய்க்குத் தொலைபேசியில் விளக்கிப் பழக்குவது லேசான காரியமில்லை. இந்தத் தடையின் சுமை அதிகம் விழுவது இவர்கள் தலையில்தான்.

பக்கத்திலிருக்கும் சவூதி அரேபியா 2017 செப்டம்பரிலேயே இணைய அழைப்புத் தடையைத் தளர்த்திவிட்டது. அதனால் அங்கே தொலைத்தொடர்புத் துறை கவிழ்ந்துவிடவில்லை. இந்தியாவுக்கும் அமீரகத்துக்கும் இடையே 2022 மே 1 முதல் நடைமுறையில் உள்ள பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தத்தில் டிஜிட்டல் வர்த்தகத்துக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதன் பெயரால் நடக்கும் அடுத்த பேச்சில், தங்கத்துக்கும் பேரீச்சைக்கும் வரி பேசும் நம் அதிகாரிகள், வாட்ஸ்அப் அழைப்புத் தடையையும் விசாவோடு முடியும் இணைய ஒப்பந்தத்தையும் எழுத்துபூர்வமாக முன்வைக்க வேண்டும்.