மனப்பாடம் செய்த ‘நான்’

உடுமலைப்பேட்டையில் எங்கள் தெருப் பையன் ஒருவன், திருப்பூர் ஏற்றுமதி நிறுவனமொன்றில் மெர்ச்சண்டைசர் வேலைக்கான நேர்காணலுக்கு ஒத்திகை பார்க்க வந்தான். ‘உன்னைப் பற்றிச் சொல்’ என்றேன். கடின உழைப்பாளி, டீம் பிளேயர், விரைவில் கற்பவன் என்று ஆங்கிலத்தில் மூச்சுவிடாமல் ஒப்பித்தான். பலவீனம்? ‘எதையும் பிழையின்றி முடிக்காமல் ஓயமாட்டேன்.’ பலவீனத்துக்கும் இஸ்திரி போட்டுக் கொடுத்திருக்கிறது மாதிரி வினா-விடைப் புத்தகம். அப்பா? ‘பிசினஸ்.’ அவர் இருபது வருடமாகக் கட்டிங் மாஸ்டர்.

என் கோபம் இங்குதான். ஒரு டஜன் டி-ஷர்ட்டுக்கு எத்தனை கிலோ துணி போகும், துவைத்தால் எவ்வளவு சுருங்கும், வெட்டில் எவ்வளவு வீணாகும் என்பதெல்லாம் சோற்றுத் தட்டின் முன் கேட்டு வளர்ந்தவன் அவன். அந்த வேலையின் பாதிக் கணக்கு அதுதான். புத்தகம் முதலில் அழித்ததும் அதைத்தான். அதே திருப்பூரில் டெய்லரிடம் பலம், பலவீனம் கேட்பதில்லை. ஓவர்லாக் மிஷினில் உட்காரவைத்துத் தைக்கச் சொல்கிறார்கள்.

சொந்தமாகப் பதில் சொன்னால் வேலை போய்விடாதா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். போகலாம். சத்யஜித் ராயின் ‘பிரதித்வந்தி’யில் (1970) கடந்த பத்தாண்டின் முக்கிய நிகழ்வு எது என்ற கேள்விக்கு சித்தார்த்தன், நிலவில் மனிதன் இறங்கியதை விட்டுவிட்டு, வியட்நாம் போர் என்கிறான். நீ கம்யூனிஸ்டா என்று கேட்டுவிடுகிறார்கள். ஆனால் ஒப்பித்தவர்களுக்கெல்லாம் வேலை கிடைத்துவிட்டதா? வரிசையில் முன்னால் நின்ற நாற்பது பேரும் அதே புத்தகத்தைப் படித்தவர்கள்தாமே?

ஞாயிற்றுக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன். புத்தகம் வேண்டாம், அப்பாவை அழைத்து வா என்றேன்.